விடியற்சாமக் கனவும் மூன்று மணி அலாரமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று எங்கள் தருமபுரிப் பக்கத்தில் சொல்லாத வீடு கிடையாது. இது வெறும் பாட்டி பேச்சு அல்ல, ஏட்டிலும் இருக்கிறது. பொன்னவன் பாடிய கனாநூல் என்று ஒரு பழைய தமிழ் நூல் உண்டு. இரவை நான்கு சாமமாகப் பிரித்து, எந்தச் சாமத்துக் கனவு எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று அதில் கணக்கு இருக்கிறது. முதல் சாமத்துக் கனவுக்கு ஓராண்டு. விடியலை நெருங்க நெருங்கக் காலம் குறையும். ஒரு சாமம் என்பது ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். பலிக்குமா பலிக்காதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. விடியற்சாமக் கனவுதான் தெளிவாக வரும், எழுந்த பிறகும் நினைவில் நிற்கும். அதைக் கவனித்துத்தான் பெரியவர்கள் அந்தச் சாமத்துக்கு அத்தனை மரியாதை கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தவன் என் பழைய மாணவன் ஒருவன். ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கிறான். "சார், கனவுக்குள்ளயே இது கனவுன்னு தெரிஞ்சுகிட்டு நம்ம இஷ்டத்துக்கு அதை நடத்தலாமாம். லூசிட் ட்ரீமிங்னு பேரு. வீடியோ பார்த்து ராத்திரி மூணு மணிக்கு அலாரம் வெச்சுப் பழகறேன். ரெண்டு தடவை வந்துச்சு சார், பறந்தேன். ஆனா பகல்ல கண்ணு சொருகுது. தூக்கம் கெட்டுப்போகுமா?" என்று போனில் கேட்டான். மெஷின் முன்னால் நிற்கிறவன் கண் சொருகுகிறது என்றால் அது விளையாட்டு விஷயம் இல்லையே.

இந்தக் கேள்விக்கு வயது நூற்றுக்கு மேல். லூசிட் ட்ரீம் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் பிரடெரிக் வான் ஈடன் என்ற டச்சுக்காரர். மனநல மருத்துவர், எழுத்தாளர். நம் தாகூரை டச்சு மொழியில் பெயர்த்தவரும் இவரே. 1898 முதல் 1912 வரை தனக்கு வந்த இத்தகைய கனவுகளைக் குறித்து வைத்தார், மொத்தம் 352. அதை 1913இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதில் இரண்டு செய்திகள் நமக்கு வேண்டியவை. ஒன்று, அந்தக் கனவுகள் எல்லாம் காலை 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையிலேயே வந்தன என்கிறார். நம் விடியற்சாமம்! இன்னொன்று, கனவில் அவ்வளவு தெளிவு இருந்தும் உறக்கம் கலையவில்லை, ஆழமாகவும் புத்துணர்ச்சியாகவும்தான் இருந்தது என்று உறுதியாகச் சொல்கிறார். அவருக்கு முன்பே 1867இல் எர்வே தெ சேன் தெனி என்ற பிரெஞ்சு அறிஞர், கனவை நடத்தும் வழிகளைப் பற்றித் தன் பெயர் போடாமல் ஒரு புத்தகமே வெளியிட்டிருக்கிறார்.

ஏன் விடியலில் மட்டும்? காரணம் 1953க்குப் பிறகுதான் விளங்கியது. சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உறக்கத்தில் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் வருபவை. உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், பின்னிரவில் கண்விழி ஓடும் தூக்கம் அதிகம். அந்நேரம் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும், கண் மட்டும் அசையும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். ஆலன் வோர்ஸ்லி என்பவர், கனவு என்று தெரிந்தவுடன் கண்ணை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். தூங்கிக்கொண்டே அசைத்தார், கருவி பதிவு செய்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் இதையே தனியாகச் செய்துகாட்டி 1981இல் வெளியிட்டார். கட்டுக்கதை என்று யாரும் தள்ள முடியாமல் போயிற்று.

சரி, கெடுதலா? 2018இல் ஜெர்மனியில் ஷ்ரெட்ல் குழுவினரின் ஆய்வில், இந்தக் கனவு அடிக்கடி காண்பவர்களுக்குத் தூக்கம் சற்றுக் குறைவான தரமாகத் தெரிந்தது. ஆனால் அவர்களில் கெட்ட கனவுத் தொல்லை உள்ளவர்களைக் கணக்கில் எடுத்தவுடன் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. ஆக, கனவு குற்றவாளி இல்லை. பழகும் முறையைத்தான் விசாரிக்க வேண்டும். இன்று பரவியிருக்கும் முறை, நடு இரவு தாண்டி அலாரம் வைத்து எழுந்து, சற்று நேரம் விழித்திருந்து, மறுபடி படுப்பது. கனவு வருகிறதோ இல்லையோ, தூக்கம் உடைவது நிச்சயம். இஸ்ரேலில் நிரித் சோபர்-துடெக் குழுவினர் செய்த ஆய்வில், கனவு வந்ததைவிட, அதை வரவழைக்க முயன்று பழகியவர்களிடம்தான், தன்னைவிட்டுத் தானே விலகி நிற்பது போன்ற உணர்வு கூடியிருந்தது. மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர்கள், இல்லாத குரல் கேட்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

மாணவனிடம் நான் சொன்னது இதுதான். முதல் ஷிப்டு வாரத்தில் ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறான். அந்த டச்சுக்காரர் கனவு கண்ட 5 முதல் 8 மணி அவனுக்கு ஏற்கெனவே கிடையாது. மிச்சம் இருக்கிற தூக்கத்தையும் மூன்று மணிக்கு வெட்டினால் எதில் கனவு காண்பது? லீவு நாளில், முழுத் தூக்கம் தூங்கி, அலாரம் இல்லாமல் தானாக விழிப்பு வந்து, திரும்பப் புரண்டு படுக்கும்போது முயன்று பார் என்றேன். பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினான். கேட்டானா என்று தெரியாது, வாத்தியார் பேச்சை என்றைக்குக் கேட்டான்!

"நம்ம சித்தர்கள் செய்யாததா" என்று சிலர் வருவீர்கள். திருமூலர் எட்டாம் தந்திரத்தில் நனவு, கனவு, சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று அவத்தைகளை விரித்துச் சொல்லியிருப்பது உண்மை. திபெத்திய பௌத்தத்தில் நாரோபாவின் ஆறு யோகங்களில் கனவு யோகம் ஒன்று. ஆனால் அதைப் பழகியவர்கள் குருவின் கண்காணிப்பில், துறவு வாழ்க்கையில் இருந்தவர்கள். அவர்களுக்குப் பயோமெட்ரிக்கில் விரல் வைக்கும் கவலை இல்லை. பக்கத்துப் பெங்களூரு நிமான்ஸில், பல காலம் விபாசனா தியானம் செய்தவர்களின் தூக்கத்தை அளந்து 2006இல் வெளியிட்டார்கள். வயது ஏற ஏற மற்றவர்களுக்குக் குறையும் ஆழ்ந்த தூக்கம் அவர்களுக்குக் குறையாமல் இருந்தது. அவர்கள் பழகியது பகலில் கண்மூடி உட்கார்ந்து என்பதைக் கவனியுங்கள்.

உடைந்த தூக்கம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பென்னாகரம் காட்டோரத்தில் கேழ்வரகு கதிர் பிடித்தால் பரண் கட்டி, தீப்பந்தம் வைத்துக்கொண்டு யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பார்கள். ஆள் மாற்றி ஆள், சாமத்துக்குச் சாமம். எங்கள் அப்பா சொல்வார், பாதித் தூக்கத்தில் எழுந்து காவல் இருந்துவிட்டு விடியலில் திரும்பப் படுத்தால் வரும் கனவு நிஜம் போலவே இருக்கும் என்று. அவர் பரணில் செய்ததைத்தான் இப்போது அலாரம் வைத்துச் செய்கிறார்கள். ஒரு வித்தியாசம். காவல் இருந்துவிட்டு வந்தவரை மதியம் புளியமரத்தடியில் தூங்க விடுவார்கள். அம்மா எங்களைச் சத்தம் போடாதீர்கள் என்று தெருவுக்கு விரட்டுவார்.

பரண்காவல் இருந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தச் சாமத்தில் யார் படுப்பார்கள், எந்தச் சாமத்தில் என்ன கனவு வரும் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். பாப்பாரப்பட்டி, ஏரியூர்ப் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.