அணையும் கால்வாயும்

வகுப்பில் சூயஸ் கால்வாயின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர் தீட்டிய திட்டம்; எகிப்திய உழவர் சிந்திய வியர்வை; 1869-இல் திறப்பு விழா; 1956-இல் நாசர் அதனை நாட்டுடைமை ஆக்கினார் என்று கூறி முடித்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா! வெளிநாட்டார் வெட்டிய கால்வாயை எடுத்துக்கொண்ட நாசரைப் புகழ்கிறோம். பெரியாற்றில் அணை கட்டியவரும் வெளிநாட்டார்தாமே! அவர் படத்தை எங்கள் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோமே! இரண்டில் எது சரி?"

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான்! எனக்கும் உடனே விடை வரவில்லை. வீடு திரும்பி எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை எழுதுகிறேன்.

1876 முதல் 1878 வரை தென்னகத்தைத் தின்றது பெரும் பஞ்சம். இங்கே வைகை வறண்டு கிடக்க, மலைக்கு அப்பால் பெரியாறு பெருக்கெடுத்து மேலைக்கடலில் கலந்தது. அந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பினார் பென்னிகுவிக். 1895-இல் தண்ணீர் வந்தது. கட்டுமானப் பணியில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் காய்ச்சலுக்கும் கொள்ளை நோய்க்கும் பலியாயினர். அவர்தம் பெயர் தாங்கிய படம் எந்த வீட்டிலும் இல்லை. ஆயினும், வயிற்றுக்குச் சோறு தந்த நீருக்கு உழவன் நன்றி பாராட்டுவது பண்பேயாகும். அதில் அடிமைத்தனம் ஏதுமில்லை.

அணை கல்லால் ஆனது. அதற்கு முன்னே தாளால் ஆன ஒன்று உண்டு. அது 1886 அக்டோபர் 29 அன்று எழுதப்பட்ட குத்தகை முறி! 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், காலமோ 999 ஆண்டுகள்! ஒருபுறம் கையெழுத்திட்டவர், இலண்டனில் இருந்த இந்திய மந்திரியின் சார்பில், திருவிதாங்கூர் ரெசிடெண்டு. மறுபுறம் மன்னரின் திவான்.

யார் இந்த ரெசிடெண்டு? 1795-லும் 1805-லும் கம்பெனியோடு செய்த உடன்படிக்கைகளால் திருவிதாங்கூர் 'பாதுகாப்பு' பெற்றது. 1809-இல் வேலுத்தம்பி எதிர்த்தெழுந்தார்; வீழ்ந்தார். 1811 முதல் 1814 வரை ரெசிடெண்டு மன்றோவே திவானாகவும் அமர்ந்தார்! அரியணை மன்னருடையது, ஆணை அயலானுடையது. அத்தகைய அரண்மனை 'இயலாது' என்று சொல்லியிருக்குமா? திருவிதாங்கூர் மக்களைக் கேட்டவர் இல்லை. நம் பக்கத்து மக்களைத்தான் கேட்டார்களா? அதுவும் இல்லை. இரு கரையிலும் மக்கள் ஊமைகளாகவே நின்றனர்.

இந்த வித்தைதான் கப்பலேறிக் கெய்ரோ போயிற்று. கடனில் மூழ்கிய எகிப்தின் கெதிவ், 1875-இல் தம் கால்வாய்ப் பங்குகளைப் பிரிட்டனுக்கு விற்றார். 1882-இல் படையே வந்து இறங்கியது. அடுத்த ஆண்டு, இந்தியாவில் வைசிராயின் நிதி உறுப்பினராக இருந்த ஈவ்லின் பேரிங் அங்கே போனார். இங்கே ரெசிடெண்டு, அங்கே கன்சல் ஜெனரல்; பெயர்தான் வேறு! கெதிவ் கொலுவில் இருக்க, 1907 வரை நாட்டை நடத்தியவர் அவரே.

பின்னர் இரு நாடும் விழித்தன. ஆனால் வழிகள் பிரிந்தன.

1947-இல் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்றார் திவான் சி. பி. இராமசாமி ஐயர். மக்கள் கொதித்தெழுந்தனர், அவர் விலகினார். 1948-இல் மக்களுக்குப் பொறுப்பான அமைச்சு அமைந்தது. மன்னரும் அயலாரும் எழுதிய முறியை 1970-இல் தமிழக, கேரள அரசுகள் திருத்தின. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாயிற்று. மின்னாக்க உரிமை நமக்கு, மீன்பிடி உரிமை அவர்களுக்கு என்றாயிற்று.

எகிப்தில் 1952-இல் படை அதிகாரிகள் மன்னரை அகற்றினர். 1956-இல் கால்வாயை மீட்டனர். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் பாய்ந்தன, பின்வாங்கின. அடிமைப்பட்ட நாடெல்லாம் தலைநிமிர்ந்த நாள் அது! ஆனால் கால்வாய் நாட்டுக்கு வந்ததே தவிர, கோல் மக்கள் கைக்கு வரவில்லை. படைவீட்டிலேயே தங்கிவிட்டது. முபாரக் 1981 முதல் 30 ஆண்டுகள் ஆண்டார். அமெரிக்கா 1987 முதல் ஆண்டுக்கு 130 கோடி டாலர் அளவில் படை உதவி தந்து வந்தது. 2011-இல் தாரீர் சதுக்கத்தில் மக்கள் கடலெனத் திரண்டனர். பிப்ரவரி 11 அன்று அவர் பதவி துறந்தார். 2012-இல் தேர்தல் வந்தது. 2013 சூலையில் படை மீண்டும் வந்தது. சில நாட்களுக்குள் சவுதி அரேபியா, அமீரகம், குவைத் மூன்றும் 1,200 கோடி டாலர் உதவி அறிவித்தன. வெளியிலிருந்து பொன் வரும்போது உள்ளே மக்களின் ஒப்புதல் எதற்கு?

அதே 2011-இன் டிசம்பரில் நம் பள்ளத்தாக்கும் எழுந்தது. அணையைக் காக்க உழவரும் தொழிலாளரும் குமுளி நோக்கிப் பல்லாயிரவராய் நடந்தனர். இரு மாநிலத்துக்கும் இடையே கசப்பு மிகுந்த நாட்கள் அவை. முடிவு எங்கே பிறந்தது? 2014 மே 7 அன்று, 142 அடி வரை நீர் தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கும் வாதமும் அதன் பின்னும் எழுந்தன, எழட்டும். அவை நம் மன்றத்தில் நடப்பவை. கோபங்கொண்ட மக்களுக்கு வாக்குச்சீட்டும் உண்டு.

மறுநாள் மாணவனுக்கு விடை சொன்னேன்: "தம்பி! அணையும் நல்லது, கால்வாயும் நல்லது. கட்டியவரைப் போற்றுவதில் பிழையில்லை. ஆள்பவர் யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்பதையே நாம் பார்க்க வேண்டும். அரபு நாடுகளில் பல, அயலார் தரும் படைக்கலத்தையும் பணத்தையும் நம்பி நிற்கின்றன. அந்த நம்பிக்கை மக்கள்மீது திரும்பும் நாளில்தான் மாற்றம் வரும். ஆள் மாறுவதால் மட்டும் வாராது."

"அந்த நாள் எப்போது வரும், ஐயா?" என்றான் அவன்.

கரும்பலகையில் இரண்டு ஆண்டுகளை எழுதினேன். 1811: ரெசிடெண்டே திவான். 1948: மக்கள் அமைச்சு. கழித்துப் பார்க்கச் சொன்னேன்.

"137" என்றான். பிறகு மெல்லக் கூறினான்: "நேரம் ஆகும். ஆனால் வரும்."