புகைப்படமும் நடுவர் கண்ணும்

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில், ஜிஸேல் பிராய்ன்ட் என்னும் புகைப்படக் கலைஞர் பாரிஸ் நகரத்துப் பங்குச் சந்தையில் சில படங்களை எடுத்தார். தரகர்கள் கைகளை வீசிக் கூவுகின்றனர். ஒருவர் புன்னகை புரிகிறார். மற்றொருவர் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார். சந்தையில் அன்றாடம் காணும் காட்சிதான். அம்மையார் அப்படங்களைப் பல நாட்டு இதழ்களுக்கு அனுப்பி வைத்தார். சிறிது காலம் சென்றபின் ஒரு பெல்ஜிய இதழ் அவர் கைக்கு வந்தது. பாரிஸில் பங்குகளின் விலை வானளாவ ஏறிவிட்டது என்ற தலைப்பின்கீழ் அவருடைய படங்கள் அதில் அச்சாகியிருந்தன. பின்னர் ஒரு ஜெர்மானிய இதழும் வந்தது. அதிலும் அதே படங்கள்தாம். ஆனால் தலைப்போ, பாரிஸ் சந்தை சரிந்து செல்வர்கள் பாழாயினர் என்று கூறிற்று! ஏற்றத்தைக் கண்டு களித்த முகமும் வீழ்ச்சியைக் கண்டு கலங்கிய முகமும் ஒரே முகமாகவே இருந்தன.

காமிரா பொய் சொல்லாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பொய் சொல்கிறதோ இல்லையோ, மெய்யை முழுவதும் சொல்லி முடிப்பதில்லை. எஞ்சியதைப் பார்ப்பவனே நிரப்பிக்கொள்கிறான். அவ்வாறாயின், பல்லாயிரம் படங்களுள் சிறந்தது இது என்று தீர்ப்புக் கூற அமர்ந்திருக்கும் நடுவர் மட்டும் எதைக்கொண்டு நிரப்புகிறார்? ஒளியும் நிழலும் அமைந்த திறத்தை மட்டுமா பார்க்கிறார்? தம் நாடு, தம் கட்சி, தம் கொள்கை என்பவற்றையும் தம்மை அறியாமலே தராசுத் தட்டில் இட்டுவிடுகிறாரா? இவ்வினாவுக்குப் புகைப்படப் பரிசுகளின் வரலாறு சில விடைகளைத் தருகிறது.

முதலில் 1945ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு பிப்ரவரி 23ஆம் நாள், பசிபிக் கடலில் உள்ள இவோ ஜிமா தீவில், சுரிபாச்சி மலையின் உச்சியில் அமெரிக்கப் போர்வீரர் அறுவர் தம் நாட்டுக் கொடியை நாட்டினர். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோ ரோசென்தால் அக்காட்சியைப் படம் பிடித்தார். சாய்ந்த கொடிக்கம்பம், அதனை உந்தி நிறுத்தும் உடல்கள், முகம் தெரியாத உழைப்பு ஆகிய யாவும் சிற்பி ஒருவன் செதுக்கி வைத்தாற்போல அமைந்த படம் அது. அறுவருள் மூவர் அப்போர் முடியுமுன்பே அத்தீவில் மாண்டனர். ஆட்களை நிறுத்தி வைத்து எடுத்த படம் என்று பின்னாளில் எழுந்த குற்றச்சாட்டு உண்மையன்று. உடன் எடுக்கப்பட்ட திரைப்படச் சுருளே அதற்குச் சான்று. ஆனால் மலைமேல் அன்று ஏறிய முதற்கொடி அதுவன்று. அதற்குச் சற்று முன்னரே சிறிய கொடி ஒன்று ஏற்றப்பட்டது. அதையும் ஒருவர் படம் எடுத்தார். அப்படத்தை இன்று நினைப்பவர் மிகச் சிலரே.

இங்கு நாம் கவனிக்க வேண்டுவது பரிசின் கதையை. அமெரிக்காவில் இதழியலுக்குரிய உயர்ந்த பரிசு புலிட்சர் பரிசு. முந்திய ஆண்டில் வெளிவந்த படைப்புக்கே அதனை வழங்குவது விதி. ரோசென்தாலின் படமோ அவ்வாண்டிலேயே வெளிவந்தது. விதியைத் தளர்த்தி அவ்வாண்டிலேயே அப்படத்திற்குப் பரிசு வழங்கினர். அரசாங்கமும் அப்படத்தைப் போர்க்கடன் திரட்டும் சுவரொட்டிகளில் அச்சிட்டது. அஞ்சல் தலையிலும் பொறித்தது. படம் பரிசுக்குத் தகுதியற்றதா எனின், இல்லை. நூறு முறை தகுதியுடையது. ஆயினும் அடுத்த ஆண்டு வரை பொறுத்திருக்க அவர்களால் இயலவில்லை. அந்த அவசரம் கலையின் அவசரமன்று. போர்க்காலத்து நாடொன்றின் அவசரம். நல்ல படமும் நாட்டுப் பற்றும் ஒன்றாகக் கலந்து நிற்கும்போது, இது இதன் பங்கு, அது அதன் பங்கு என்று பிரித்துக் காட்ட எந்த நடுவராலும் முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

பத்தாண்டுகள் கழித்து, 1955இல், நெதர்லாந்து நாட்டில் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டி தொடங்கிற்று. ஒரு நாட்டுக்கன்றி எல்லா நாட்டுக்கும் உரிய போட்டியாதலின், ஒருநாட்டுப் பற்று இங்கே தலைகாட்டாது என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. முதற்பரிசு பெற்ற படம் பந்தயத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழும் ஒருவனைக் காட்டிற்று. அரசியல் வாடையே அதில் இல்லை. அந்த அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை.

1963 முதல் 1968 வரையிலான ஆறு ஆண்டுகளைப் பாருங்கள். அவற்றுள் ஐந்து ஆண்டுகளின் முதற்பரிசு வியட்நாமைப் பற்றிய படங்களுக்கே சென்றது. சைகோன் நகரத் தெருவில் தீக்குளித்த புத்தத் துறவியைக் காட்டிய மால்கம் பிரௌனின் படம் அவற்றுள் ஒன்று. குண்டுவீச்சுக்குத் தப்பி ஆற்றைக் கடக்கும் தாயையும் குழந்தைகளையும் காட்டிய கியோயிச்சி சவாடாவின் படம் மற்றொன்று. கைகள் கட்டப்பட்ட ஒருவனைத் தளபதி தெருவில் சுட்டுக் கொல்லும் கணத்தைப் பிடித்த எட்டி ஆடம்ஸின் படமும் அவ்வரிசையில் உண்டு. இவற்றைக் கண்டு இரு வேறு கூற்றுகள் எழுந்தன. போரை எதிர்க்கும் அரசியல் நடுவர்களைப் பிடித்துக்கொண்டது என்றனர் ஒரு சாரார். உலகின் பெருந்துயரம் எங்கிருந்ததோ அங்கே நடுவர்களின் கண்ணும் சென்றது, இதில் வியப்பென்ன என்றனர் மற்றொரு சாரார்.

இவ்விரு சாராரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அந்த ஐந்து படங்களையும் எடுத்தவர்கள் அமெரிக்கச் செய்தி நிறுவனங்களுக்கோ அமெரிக்க இதழ்களுக்கோ பணியாற்றியவர்கள். வட வியட்நாம்ப் படைகளோடு காடு மேடெல்லாம் அலைந்து, கிடைத்தற்கரிய படச்சுருளை எண்ணி எண்ணிச் செலவிட்டுப் படமெடுத்தவர்களும் இருந்தனர். அவர்களுடைய படங்களை மேலை நாட்டார் பரவலாகக் கண்டது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே. நடுவர் மேசைக்கு வராத படத்தை நடுவர் எவ்வாறு எடைபோடுவார்? என் கருத்தில், தீர்ப்புக் கூறும் அறையில் நிகழும் ஓரவஞ்சனையைவிட, அந்த அறையின் வாயிலுக்கு அப்பால் நிகழும் ஓரவஞ்சனையே பெரிது. யாரிடம் காமிரா இருந்தது, யாரிடம் தந்தி வசதி இருந்தது, யாருடைய படம் கடல் கடந்து சென்றது என்பவற்றிலேயே தீர்ப்பின் பாதி முடிந்துவிடுகிறது. இதில் மற்றொரு விந்தையும் உண்டு. அமெரிக்க நிறுவனங்களின் படங்களாயிருந்தும், அமெரிக்கா நடத்திய போரின்மேல் அமெரிக்க மக்களே வெறுப்புக்கொள்ள அவையும் ஒரு காரணமாயின. எடுத்தவர் எந்தப் பக்கத்தவர் என்பதைக்கொண்டு படம் எந்தப் பக்கம் பேசும் என்று கணிக்க இயலாது. எட்டி ஆடம்ஸே பிற்காலத்தில் தம் படத்தைப் பற்றி மனம் வருந்தினார். அது உண்மையின் ஒரு பாதியையே சொல்லிற்று என்றும், அந்தத் தளபதியின் வாழ்க்கையைத் தம் காமிரா அழித்துவிட்டது என்றும் அவர் கூறியதுண்டு.

இனி, இப்போட்டியின் வரலாற்றில் நடுவர் குழுவின் பிளவே ஊரறிய வெளிப்பட்ட ஆண்டுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், துருக்கியின் தலைநகரான அங்காராவில் ஒரு கலைக்கூடத்தில், ருஷ்யத் தூதர் ஆந்திரே கார்லவ் ஒரு கண்காட்சியைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற, அன்று பணியில் இல்லாத போலீஸ்காரன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். பின்பு கையை உயர்த்தி, அலெப்போவை மறவாதீர் என்று முழங்கினான். விழாவைப் படமெடுக்க வந்திருந்த புர்ஹான் ஓஸ்பிலிஜி ஓடி ஒளியாமல் நின்று படம் பிடித்தார். 2017 பிப்ரவரியில் அப்படமே ஆண்டின் சிறந்த படமாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்தவுடனே நடுவர் குழுவின் தலைவரான ஸ்டூவர்ட் பிராங்க்ளின், தம் குழுவின் தீர்ப்பைத் தாமே மறுத்து ‘கார்டியன்’ நாளிதழில் எழுதினார். சிறிய வேறுபாட்டில் தாம் தோற்றதை மறைக்காமல் கூறினார். படமெடுத்தவரின் துணிவை அவர் குறைத்துப் பேசவில்லை. கொன்றவனும் கொல்லப்பட்டவரும் ஒருங்கே தோன்றும் படத்திற்கு முதலிடம் தருவது கொலைகாரன் விரும்பிய விளம்பரத்தை அவனுக்கு நல்குவதாகும் என்பதே அவர் வாதம். மற்ற நடுவர்களுள் சிலரோ, நம் காலத்து வெறுப்பின் உருவம் இதுவே என்று கருதினர்.

பிராங்க்ளினின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே அளவுகோலைக் கொண்டு பின்னோக்கிச் சென்றால் என்ன ஆகும்? 1960 அக்டோபர் 12ஆம் நாள் டோக்கியோவில் மேடையில் நின்ற சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் அசானுமாவைப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் குறுவாளால் குத்தினான். யசுஷி நாகாவோ எடுத்த படத்தில் வாளும் தெரிகிறது, இருவர் முகமும் தெரிகிறது. அதற்கு உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசும் கிடைத்தது. 1961இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. 1968இன் ஆடம்ஸ் படமும் அவ்வகையினதே. 1960இல் தகுதியாகத் தோன்றியது 2017இல் ஏன் தலைவரின் கண்ணுக்கு ஆபத்தாகத் தோன்றிற்று? இடையில் கொலையைத் தாமே படமெடுத்துப் பரப்பும் கூட்டங்கள் தோன்றிவிட்டன. படம் ஒரு நொடியில் உலகைச் சுற்றும் காலம் வந்துவிட்டது. படம் மாறவில்லை, படத்தால் என்ன விளையும் என்ற அச்சம் மாறிற்று. இதைக் கட்சிச் சார்பு என்று கூற மாட்டேன். ஆயினும் இது கலை பற்றிய தீர்ப்பு மட்டும் அன்று என்பதும் தெளிவு.

கண் எவ்வாறு சார்புகொள்கிறது என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களும் உண்டு. 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்னும் இரு அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே முரட்டுத்தனமான கால்பந்தாட்டம் ஒன்று நிகழ்ந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்னும் இரு அறிஞர்கள் அதன் திரைப்படத்தை இரு கல்லூரி மாணவர்க்கும் காட்டி, விதி மீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகளாகப் பிரின்ஸ்டன் மாணவர் எண்ணியவை, டார்ட்மத் மாணவர் எண்ணியவற்றைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டன! அவர்களுடைய ஆய்வு 1954இல் வெளிவந்தது. 2012இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், ஆர்ப்பாட்டம் ஒன்றின் படத்தைக் காட்டி, அதன் நோக்கம் இன்னது என்று ஒரு பாதியினரிடமும், வேறொன்று என்று மறு பாதியினரிடமும் கூறினர். காட்சி ஒன்றே, ஆனால் ஆர்ப்பாட்டக்காரர் வழிமறித்து அச்சுறுத்தினரா, அமைதியாக நின்றனரா என்பதில், பார்த்தவரின் கொள்கைக்கேற்பக் கண்டது வேறுபட்டது. இவை புகைப்படப் போட்டிகள் அல்ல. எனினும், ஒவ்வொருவரும் தாம் பொய் சொல்வதாக நினைக்கவில்லை என்பதே இவற்றில் கருதத்தக்கது. தாம் கண்டதையே சொன்னார்கள்.

போட்டி நடத்துவோர் இதனை அறியாதவர் அல்லர். எடுத்தவர் பெயரை நடுவர்க்குக் காட்டாமல் மறைத்து வைக்கின்றனர். 2022 முதல் உலகை ஆறு பகுதிகளாகப் பிரித்து, பகுதிதோறும் தனிக்குழு அமைத்துள்ளனர். ஆப்பிரிக்காவின் படத்தை ஆப்பிரிக்காவை அறிந்தவர் முதலில் காண்பது நல்ல ஏற்பாடே. வாயிலுக்கு வெளியே நிற்கும் ஓரவஞ்சனையை அது ஓரளவு குறைக்கும்.

ஆனால் 2025இல் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலீசியில், அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மக்களைக் காட்டும் படங்கள் பரிசு பெற்றன. பெயர் வெளிப்பட்டபோது, அவற்றை எடுத்தவர் ருஷ்ய அரசாங்கத்துச் செய்தி நிறுவனமான டாஸ்ஸில் பணியாற்றுபவர் என்று தெரிய வந்தது. ஜார்ஜியப் புகைப்படக்காரர்கள் கொதித்தெழுந்தனர். ருஷ்யச் சார்பை எதிர்த்து நாங்கள் தெருவில் நிற்க, ருஷ்ய அரசின் ஊழியருக்கா எங்கள் போராட்டத்தின் பரிசு என்று கேட்டனர். படங்களிலோ போராடுவோர் மீது இழிவான பார்வை எதுவும் இல்லை. படத்தை மட்டும் பார்த்த நடுவர்கள் ஒன்றைக் கண்டனர். எடுத்த கையை அறிந்த மக்கள் வேறொன்றைக் கண்டனர். அப்புகைப்படக்காரருக்கு விடுத்திருந்த விழா அழைப்பைப் போட்டி அமைப்பு திரும்பப் பெற்றுக்கொண்டது.