வயிற்று நோயும் கடித வைத்தியமும்

தீராத வயிற்று நோய் இக்காலத்தவர்க்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் செரியாமை, புளியேப்பம், வாயு, மலச்சிக்கல் ஆகியவற்றால் ஆண்டுக் கணக்கில் அல்லலுற்றோர் பலர். அவர்களுள் வசதி படைத்தோர் நாடிய பெரும் வைத்தியர்களுள் ஒருவர், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கல்லன் (1710-1790).

தம் நோயாளிகளுள் பலரைக் கல்லன் கண்ணால் கண்டதேயில்லை. அவர்கள் அஞ்சல் வழியே வைத்தியம் கேட்டனர். என்ன உண்டோம், எப்போது வலி எழுந்தது, உறக்கம் எவ்வாறு, மலம் எவ்வாறு என்பதையெல்லாம் நோயாளியோ, உறவினரோ, உள்ளூர் வைத்தியரோ விரிவாக எழுதுவர். கல்லன் விடை வரைவார். வந்த கடிதங்களைப் பேணியதோடு, தம் விடைகளுக்கும் படியெடுத்து வைத்தார். ஜேம்ஸ் வாட் உருவாக்கிய படியெடுக்கும் பொறி 1781 முதல் அதற்குத் துணையாயிற்று. அக்கடிதங்கள் ஆயிரக்கணக்கில் எடின்பரோ அரச மருத்துவர் கல்லூரியில் இன்றும் உள்ளன.

நேரில் பாராமல் வைத்தியமா என வியக்க வேண்டியதில்லை. நெஞ்சொலி கேட்கும் கருவி தோன்றியதே 1816-இல்தான். நேரில் வந்த நோயாளியிடமும் வைத்தியர் பெரிதும் நம்பியது அவருடைய சொல்லையே.

1769-இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலில், செரியாமையை நரம்புக் கோளாறுகளின் வரிசையில் வைத்தார் கல்லன். இரைப்பை வலுவிழந்ததே நோய்க்கு மூலம் என்பது அவர் கருத்து. ஆகவே உணவில் ஒழுங்கு, குதிரைச் சவாரி, கசப்பு மருந்துகள் ஆகியவற்றை வற்புறுத்தினார். புளிப்பை அடக்க மக்னீசியா பயன்பட்டது. அவருடைய மாணவர் ஜோசப் பிளாக் 1754-இல் அளித்த பட்ட ஆய்வேடு, வயிற்றுப் புளிப்பையும் இந்த மக்னீசியாவையும் பற்றியதே. மலச்சிக்கலுக்கு வழங்கிய மருந்துகளுள் ஒன்று ரேவல்சின்னி. அரபு ஹகீம்கள் 'ராவந்த்' என்றழைத்த வேர் அது.

உறவு அவ்வேரோடு நிற்கவில்லை. காற்று, உணவும் பானமும், உழைப்பும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவும் அதன் அடக்கமும், மனநிலை என்னும் ஆறையும் யூனானி நூல்கள் 'அஸ்பாபு சித்தா ளரூரிய்யா' என்பர். கிரேக்கர் விதைத்த இக்கருத்தை ஹுனைன் இப்னு இஸ்ஹாக், இப்னு சீனா போன்றோர் ஒழுங்குபடுத்தினர். அவர்களுடைய நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தன. கல்லன் காலத்து வைத்தியர்கள் விதித்த உணவு, உறக்கம், நடமாட்டம் பற்றிய ஒழுங்குகளுக்கு அடித்தளம் அதுவே.

இவ்வைத்தியத்தால் எல்லாரும் குணமடைந்தனர் என எண்ணுதல் தவறாகும். இரைப்பைப் புண்ணையும் வெறும் செரியாமையையும் பிரித்தறியும் வழி அன்றில்லை. அப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமாகும் கிருமியை ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் வளர்த்துக் காட்டியது 1982-இல். அதற்கு நோபல் பரிசு கிட்டியது 2005-இல். கல்லனின் குதிரைச் சவாரி அக்கிருமியை என்ன செய்யும்?

எனினும் அக்கடிதங்கள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. நோயாளி தன் துன்பத்தைத் தன் சொல்லில், தொடக்கம் முதல் முடிவு வரை கூற அன்று இடமிருந்தது. இன்று கருவிகள் குடலின் உட்புறத்தையே காட்டுகின்றன. ஆயினும் எந்தக் கருவியை எங்கே செலுத்துவது என்பதை நோயாளியின் சொல்லே முதலில் காட்டுகிறது. வீட்டிலுள்ள முதியவர் "வயிறு சரியில்லை" என்று பத்தாம் முறை சொல்லும்போதும், நாம் செவிசாய்த்தல் வேண்டும்.