விலக்கினுள் ஒரு விலக்கு

மதுவிலக்கு என்றால் மது கூடாது என்று பொருள். வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டியதில்லை என்று பொருள். தடையையும் தடையிலிருந்து விடுபடுவதையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது. அமெரிக்கா 1952இல் இயற்றிய குடிவரவுச் சட்டத்தைப் படிக்கையில் இச்சொல்லின் இரு பொருளும் ஒருசேர நினைவுக்கு வருகின்றன.

மெக்கரன்-வால்டர் சட்டம் எனப்படும் அதனை அதிபர் ட்ரூமன் தம் மறுப்பதிகாரத்தால் தடுத்தார். அம்மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது. கம்யூனிஸ்டுகளுக்கும் அராஜகவாதிகளுக்கும், அக்கொள்கைகளை எழுத்தால் பரப்பியோருக்கும் நாட்டின் கதவு அடைக்கப்பட்டது. ஆனால் அதே சட்டத்தின் 212ஆம் பிரிவு அக்கதவில் ஒரு திட்டிவாசலையும் வைத்தது. வெளியுறவுத்துறை பரிந்துரைத்து, அட்டர்னி ஜெனரல் இசைந்தால், தடுக்கப்பட்டவரும் தற்காலிகமாக வந்து போகலாம். இதனால் தடை நீங்குவதில்லை. அடுத்த பயணத்துக்கு மீண்டும் வாசலில் நிற்க வேண்டும்.

இவ்வாசலில் நின்றவர்களின் வரிசையில் இலக்கியத்தின் பெரும்பெயர்கள் உண்டு. ஆர்தர் மில்லர் பன்னாட்டு பென் அமைப்பின் தலைவராக இருந்தபோது, 1966இல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டுக்குப் பாப்லோ நெரூதா இத்தகைய அனுமதியுடன் வந்தார். வந்ததற்காகக் கியூப எழுத்தாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி அவரைக் கண்டித்தனர். கார்சியா மார்க்கேஸ் 1982இல் நோபல் பரிசு பெற்ற பின்னும் தடைப்பட்டியலிலேயே இருந்தார். கிளின்டன் ஆட்சியில்தான் அவர் மீதிருந்த தடை அகன்றது.

இவர்களினும் நம்மைச் சிந்திக்க வைப்பது எர்னஸ்ட் மண்டேலின் கதை. பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க்சியப் பொருளியலாளரான அவர் 1962இலும் 1968இலும் அமெரிக்கா சென்றுவந்தார். இருமுறையும் சிறப்பு விலக்கின் பேரிலேயே விசா கிடைத்தது. அதை அவருக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 1969இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டபோது விசா மறுக்கப்பட்டது. முந்தைய பயணத்தில் குறித்த நோக்கத்தை மீறிவிட்டார் என்பது காரணம். நிபந்தனை அவருக்குத் தெரிவிக்கப்படாமல் இருந்திருக்கலாம் என்று வெளியுறவுத்துறையே ஒப்புக்கொண்டு மீண்டும் பரிந்துரைத்தது. அட்டர்னி ஜெனரல் தரப்பு இசையவில்லை.

நோம் சோம்ஸ்கி உள்ளிட்ட பேராசிரியர்கள் அவருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். அயல்நாட்டவருக்கு உள்ளே வரும் உரிமை இல்லாதிருக்கலாம், ஆனால் அவர் பேச்சைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்பது அவர்கள் வாதம். 1972இல் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது. வெளித்தோற்றத்தில் முறையான, நேர்மையான ஒரு காரணத்தை அரசு காட்டினால் போதும், அதற்குப் பின்னால் நீதிமன்றம் துருவாது என்றது தீர்ப்பு.

கனடிய எழுத்தாளர் ஃபார்லி மோவாட் வேறுவழி தேர்ந்தார். 1985இல் தடுக்கப்பட்டு, பின்னர் தற்காலிக அனுமதி தர அதிகாரிகள் முன்வந்தபோது அதை ஏற்க மறுத்தார். அவ்வனுமதியின் பெயர் பரோல். சிறைக்கைதிக்கு நாம் வழங்கும் அதே சொல்தான்.

வருகையாளர்களின் கொள்கையை நோக்கிய தடைகளுள் பெரும்பாலானவற்றை 1990ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. மண்டேல் தீர்ப்போ நிலைத்துவிட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சில நாடுகளின் மக்களுக்கு டிரம்ப் விதித்த பயணத்தடையை 2018இல் உச்சநீதிமன்றம் அனுமதித்தபோது அத்தீர்ப்பையே துணைக்கொண்டது. அந்த ஆணையிலும் தனிநபர் விலக்குக்கு இடமிருந்தது. அது உண்மையிலேயே வழங்கப்படுகிறதா, ஏட்டளவில் மட்டும் நிற்கிறதா என்று நீதிபதி பிரேயர் தம் மாறுபட்ட தீர்ப்பில் கேட்டார். விலக்கு என்ற சொல்லின் இரு பொருளில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதே அவர் கேள்வி. திட்டிவாசல் இருப்பதைக் காட்டியே பெருங்கதவை நியாயப்படுத்தும் எந்த அரசிடமும் கேட்கவேண்டிய கேள்வி அது.