உறுமியின் தேய்ப்பொலி: ‘கலா’ உருவான கதை

ராப் இசையைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். யாப்பும் சங்கப் பாடல்களும் நடத்திப் பழகிய நமக்கும் அது எளிதில் வாய்த்த செவி அன்று. நம் செவியைத் திறந்துவைத்தவர் நம்மிடம் பயின்ற ஒரு மாணவர். அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் போவதே முறை.

2008ஆம் ஆண்டு. விருதுநகர்ப் பகுதியில் நாம் ஆசிரியப் பணிக்கு வந்த புதிது. மதிய இடைவேளையில் முதுகலை மாணவர்கள் சிலர் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து ஆங்கிலப் பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ‘பாய்ஸ்’ என்பது அதன் பெயர் என்றார்கள். நாலைந்து தெருவிழாக்களை ஒரே இடத்தில் கூட்டியது போன்ற ஒலி. “வெறும் இரைச்சலாக அல்லவா இருக்கிறது?” என்றோம். சிவகாசிக்கு மேற்கேயுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவர், தலை நிமிராமலே சொன்னார்: “இல்லங்க ஐயா, அடியில ஒண்ணு தேயுது, கேளுங்க. அது உறுமி. எங்கப்பா அடிக்கிற அடி.” சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம் தந்தை பட்டாசு ஆபீசில் வேலை பார்ப்பதாகத்தான் அவர் அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்திருந்தார்.

அந்தப் பாட்டைப் பாடியவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம். ‘மாயா’ என்பது அவருடைய அழைப்புப் பெயர். 1975இல் இலண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுசெல்லப்பட்டார். தந்தை அருள்பிரகாசம், ஈழப் புரட்சிகர மாணவர் இயக்கமான ஈரோஸை நிறுவியோருள் ஒருவர். ‘அருளர்’ என்பது அவரது இயக்கப் பெயர். போர் முற்றிய 1986 வாக்கில் தாய் கலா பிள்ளைகளோடு அகதியாக இலண்டன் திரும்பி, தையல் வேலை செய்து அவர்களை வளர்த்தார். மாயா அங்கே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படமும் ஓவியமும் பயின்றார். இசைக்கு வந்தது அதன் பிறகுதான். 2022 வரை ஆறு இசைத்தொகுப்புகள் கண்ட மூத்த ராப் கலைஞர் அவர். ‘அருளர்’ (2005), ‘கலா’ (2007), ‘மாயா’ (2010), ‘மாதங்கி’ (2013), ‘எய்ம்’ (2016), ‘மாதா’ (2022) என்று அவற்றை வரிசைப்படுத்தினால், முதல் நான்கும் குடும்பத்தாரின் பெயர்களாக அமைந்திருப்பதைக் காணலாம். நாம் இங்கே பேசப்போவது தாயின் பெயரைத் தாங்கிய இரண்டாவது தொகுப்பு உருவான விதம் பற்றி.

முதல் தொகுப்பான ‘அருளர்’ பெரிதும் ஓர் இயந்திரத்தின் பிள்ளை. இரவல் பெற்ற ரோலண்ட் எம்.சி. 505 என்னும் மின்னணுத் தாளக்கருவியில் மாயா தாமே தட்டித் தட்டி அமைத்த தாளங்கள்தாம் அதன் அடித்தளம். அத்தொகுப்பு விமரிசகர்களிடம் பெற்ற வரவேற்பினால், அடுத்ததை அமெரிக்காவில் தங்கி, அன்றைய முன்னணித் தயாரிப்பாளர் டிம்பாலாண்டுடன் இணைந்து செய்வதெனத் திட்டமிடப்பட்டது. ஆனால் 2006இல் அங்கே தங்கிப் பணியாற்றுவதற்கான விசா அவருக்குக் கிடைக்கவில்லை. போர் நிலத்திலிருந்து வந்த, தந்தையின் இயக்கப் பெயரையே தொகுப்புக்குச் சூட்டிய ஒரு பெண்ணுக்கு அக்காலச் சூழலில் நேர்ந்தது இது. மூடிய கதவின் முன் காத்திருக்காமல் அவர் பயணம் புறப்பட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போன இடங்களில் எல்லாம் ஒலிகளைச் சேர்த்தார். முதலிற் கால்வைத்த இடங்களுள் ஒன்று சென்னை.

சென்னையில் அவர் ஏ.ஆர். ரகுமானைச் சந்தித்தார். தம் மனத்திலிருந்த இசையை ரகுமானுக்கு எடுத்துச் சொல்வது கடினமாக இருந்தது. கூட்டு முயற்சி கைகூடவில்லை. ஆயினும் ரகுமான் தமக்கு அறிமுகமான இசைஞர்களைக் காட்டிக்கொடுத்து, தம் ஒலிப்பதிவுக்கூடத்தையும் பயன்படுத்திக்கொள்ள இசைந்தார். அங்கேதான் இருபதுக்கும் மேற்பட்ட மேளக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து அடித்த அடி பதிவாயிற்று. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய இரு பாடல்களின் உயிர் அந்தப் பதிவில் இருக்கிறது. குரலைப் பதிவுசெய்ய வந்த ‘சுவிட்ச்’ என்னும் இங்கிலாந்துத் தயாரிப்பாளர் மெல்ல மெல்ல இசையமைப்பிலும் பங்காளியாகி, தொகுப்பின் பெரும்பகுதிக்குத் துணைநின்றார்.

திரையிசையும் உள்ளே வந்தது. தொகுப்பின் முதற்பாடலான ‘பேம்பூ பங்கா’வில், இளையராஜா ‘தளபதி’ (1991) படத்திற்கு அமைத்த பொங்கல் விழாப் பாட்டின் மேளம் ஒலிக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் ஆர்.பி. பட்நாயக் ‘ஜெயம்’ (2003) படத்திற்கு அமைத்த திருவிழாப் பாட்டின் கூறு உண்டு. ‘ஜிம்மி’, பப்பி லகரியின் ‘டிஸ்கோ டான்சர்’ (1982) பாடலின் மறுவடிவம். சிறுவயதில் மாயா ஆடிக் களித்த பாட்டு அது.

உறுமியை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். இடை சிறுத்து, இருபுறமும் தோல் போர்த்த கருவி அது. ஒரு முகத்தை நேரான குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் விலங்கு உறுமுவது போன்ற ஓசை பிறக்கிறது. பெயர்க் காரணமும் அதுவே. பூம்பூம் மாட்டுக்காரர் தெருமுனையில் திரும்பும் முன்பே அவர் வரவை அறிவிப்பது அந்த ஒலிதான். இராஜகம்பள நாயக்கரின் தேவராட்டத்தில் அது தேவதுந்துபி என்ற பெயரோடு நிற்கிறது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கலில் தீச்சட்டி ஏந்தி வருவோர்க்கும், இருக்கன்குடியின் ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்து செல்வோர்க்கும் அருள் இறங்குவது மேளத்தின் அடி மாறும் கணத்தில் என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். ‘கலா’வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியோர் சிலர் உறுமியைக் கானாவின் கருவியாகக் குறித்தார்கள். கானா வடசென்னைத் தெருக்களில் வளர்ந்தது. உறுமிக்கோ தென்மாவட்டங்களிலும் கொங்கு நாட்டிலும் தனி வாழ்வு உண்டு. சென்னையின் ஒலிப்பதிவுக்கூடம் இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்ததனால் அந்த மயக்கம் நேர்ந்திருக்கலாம்.

நிலத்துக்கு ஒரு பறை என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்தோடும் உணவோடும் மரத்தோடும் பறையையும் சேர்க்கிறார். குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று உரைகாரர்கள் விரித்துரைப்பர். துடியும் இடை சிறுத்த கருவியே. அதிலிருந்து உறுமி வந்தது என்று சொல்ல நாம் முற்படவில்லை. ஆனால் வானம் பார்த்த கரிசலில் நின்று உறுமியைக் கேட்கும்போது பாலைத் துடியின் நினைவு எழுவதைத் தடுக்க முடிவதில்லை.

அதே தொல்காப்பியம் செய்யுளியலில் இருபது வண்ணங்களைக் கூறுகிறது. குற்றெழுத்துகள் உருண்டோடுவது உருட்டு வண்ணம். அடியின் எல்லையைக் கடந்தும் அவ்வாறே விரைந்தோடுவது முடுகு வண்ணம். ராப் பாடுவோர் செய்வதும் ஏறத்தாழ இதைத்தான். தாளம் ஓரிடத்தில் நிற்க, சொல் அந்த இடத்தைத் தாண்டி ஓடி அடுத்த அடியில் மூச்சு வாங்குகிறது. மாயா பாடுவது ஆங்கிலத்தில். தமிழ் அறியாத ஒருவர் ‘கலா’வை முழுதும் கேட்டு முடித்தாலும் அதில் தமிழ் இருப்பதை உணராமற் போகக்கூடும். தமிழ் அதில் சொல்லாக வராமல் அடியாக வந்து சேர்ந்திருக்கிறது.

சென்னைக்குப் பின் தொடர்ந்த பயணத்தை விரிவாகச் சொல்ல இடமில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களான வில்கானியா மாப் குழுவின் பாட்டு ஒன்று தொகுப்பில் சேர்ந்தது. நைஜீரியப் பின்புலம் கொண்ட ஆப்ரிகன் பாய் ஒரு பாட்டில் இணைந்து பாடினார். டிம்பாலாண்டுடனான திட்டம் கடைசிப் பாடலான ‘கம் அரவுண்ட்’ என்ற அளவில் எஞ்சியது. 2007 ஆகஸ்டில் தொகுப்பு வெளிவந்தது. அவ்வாண்டின் சிறந்த இசைத்தொகுப்பாக அதை ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தேர்ந்தெடுத்தது.

ஆனால் உலகம் ‘கலா’வை நினைவில் வைத்திருப்பது ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாட்டினால். டிப்லோ என்னும் அமெரிக்கத் தயாரிப்பாளரோடு சேர்ந்து, ‘தி கிளாஷ்’ குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் இசைத்துணுக்கின்மேல் அமைத்தது அது. விசாவுக்காக அலைக்கழிந்த அனுபவமே அதன் கரு. பல்லவியில் துப்பாக்கிச் சூட்டின் ஒலியும் பணப்பெட்டி திறக்கும் ஒலியும் தாளமாகவே வருகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தப் பாட்டு ஒலித்தபோது துப்பாக்கி ஒலிகளை மழுப்பினார்கள். எனினும் 2008இல் அது பில்போர்டின் முதல் நூறு பாடல்களில் நான்காம் இடம் வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) படத்தில் இடம்பெற்றது. அதே படத்துக்காக மாயாவும் ரகுமானும் சேர்ந்து ‘ஓ... சாயா’வை உருவாக்கினார்கள், அது ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. 2006இல் சென்னையில் கைகூடாத கூட்டு, இரண்டாண்டு கழித்துக் கைகூடியது.

அந்தத் துப்பாக்கி ஒலியைப் பற்றி இவ்வட்டாரத்துக்காரராக ஒன்று சொல்லவேண்டும். சிவகாசியைச் சுற்றி வாழ்வோர்க்கு வெடியோசை ஒரு மொழி. பட்டாசுத் தரம் பார்க்க வெடிப்பது எது, கல்யாண வீட்டுச் சரவெடி எது, ஆபத்தின் ஓசை எது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். மூன்றாவது ஓசை கேட்டால் பேச்சு நின்றுவிடும். எந்தத் திசை என்று பார்த்துக்கொண்டே பெண்கள் வாசலுக்கு வருவார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விபத்தின் நாளை இங்கே யாரும் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்த ஒருவரின் செவிக்கும் இத்தகைய பகுத்தறியும் திறன் இருந்திருக்கும். அச்சமூட்டும் ஓசையைத் தாளத்துள் அடக்கி வைத்திருப்பதை அமெரிக்கத் தொலைக்காட்சி வன்முறையாகக் கேட்டது. நமக்கோ, ஓர் ஓசையோடு நெடுங்காலம் வாழ்ந்தவர் அதைத் தம் வசப்படுத்த முயலும் செயலாக அது கேட்கிறது.

இனி நம் குறையைச் சொல்லவேண்டும். விருதுநகர் மண்ணில் பிறந்து, பங்குனிதோறும் உறுமி கேட்டு வளர்ந்து, பறையைக் கருப்பொருளாக எண்ணும் நூற்பாவை வகுப்பில் நடத்திய நாம், உறுமியை ஒருபோதும் இசையாகக் கேட்டதில்லை. மேளக்காரர்களை ‘அங்கே நில்லுங்கள், இப்போது அடியுங்கள், போதும் நிறுத்துங்கள்’ என்று ஏவும் குரல்களிடையே நாமும் நின்றிருக்கிறோம். அவர்களில் ஒருவருடைய பெயரைக்கூடக் கேட்டதில்லை. அக்கருவியைத் தொடும் கைகள் இன்ன சாதியார் கைகள் என்ற எண்ணம் செவியையும் அடைத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. இலண்டனில் அச்சிட்ட குறுவட்டாகத் திரும்பி வந்தபோதும் நமக்கு அது இரைச்சலாகத்தான் பட்டது. தேய்ப்பொலியைப் பிரித்தறிந்தது அந்த மாணவரின் செவி மட்டுமே. வெளியார் மெச்சிய பிறகு நாம் மெச்சியதாக இதைக் கொள்ளவேண்டாம். அந்த மாணவர் உலகப் புகழுக்காகக் காத்திருக்கவில்லை. தந்தையின் அடியைக் கேட்டார், இனங்கண்டார், மறைத்ததைச் சொல்லிவிட்டார்.

இறுதிப் பருவத்தில் களப்பணிக்கு என்ன தலைப்பு என்று கேட்டபோது அவர் உறுமியைத் தேர்ந்தெடுத்தார். சாமி ஊர்வல அடி, எழவு வீட்டு அடி, ஆட்டத்துக்கான அடி என்று தம் ஊரில் வழங்குபவற்றைத் தந்தையை அடிக்கச் சொல்லிப் பதிந்து, அடிகளின் வேறுபாட்டை எழுத்தில் வடிக்க அரும்பாடுபட்டார். கருவியின் தோலை இளஞ்சூட்டில் காட்டிப் பதப்படுத்துவது முதல் வளைகுச்சிக்கு ஏற்ற கொம்பைத் தேர்வது வரை அதில் எழுதியிருந்தார். ஏட்டின் கடைசியில் வழக்கம்போல் தகவலாளர் பட்டியல் இருந்தது. பெயர், வயது, ஊர், தொழில் என்று கட்டங்கள். முதற்பெயர் அவர் தந்தையுடையது. தொழில் என்ற கட்டத்தில் பட்டாசு ஆபீஸ் என்று முதலில் எழுதி, அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, அருகில் ‘உறுமி’ என்று எழுதியிருந்தார். படியெடுத்து வரச் சொல்லாமல் அப்படியே கையொப்பமிட்டோம்.