போர்முனையிலிருந்து விண்வெளிக்கு

1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்தைச் சூழ்ந்த ஊர்களிலும், படைப்பணி முடித்துத் திரும்பிய நடுவயதினரைக் காண்கிறோம். அவர்களுள் சிலருக்கு வாய்ப்பது வங்கி வாயிலில் காவற்பணியே. அதுவும் நேரிய உழைப்பே. ஆயினும், ஒரு படைவீரனின் திறமை அத்துடன் முடிந்துவிடுகிறதா? அண்மைக்கால வரலாறு இல்லை என்கிறது.

ராகேஷ் சர்மா 1970-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். 1971-ஆம் ஆண்டுப் போரில் 21 முறை மிக்-21 விமானத்தைப் போர்முனைக்குச் செலுத்தினார். அதே மனிதர் 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கலத்தில் விண்ணேறினார். சல்யூட்-7 நிலையத்தில் தங்கிப் புவியைப் படமெடுத்தார், மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்றார். பின்னர்ப் படையினின்று விலகி, 1987-இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் தலைமைச் சோதனை விமானியானார். ஓய்வுக்காலத்தில் அவர் குடியேறியது நம் தமிழகத்துக் குன்னூரில்.

லெப்டினன்ட் ஜெனரல் அனில் குமார் பட் 2017-இல், தோக்லாம் எல்லை நெருக்கடியின்போது, இராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநராக இருந்தவர். ஓய்வுக்குப் பின், 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற இந்திய விண்வெளிச் சங்கத்தின் தலைமை இயக்குநரானார். விண்வெளித் தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு அது.

இவர்கள் உயர் அதிகாரிகள். எளிய வீரருக்கு இது பொருந்துமா என நீங்கள் வினவலாம். வானொலித் தொடர்பு, ராடார், இயந்திரப் பராமரிப்பு, தீயணைப்பு ஆகியவை எளிய வீரரும் படையில் கற்பவையே. ஏவுதளத்திற்கும் இவை வேண்டும். குலசேகரன்பட்டினத்தில் சிறிய ஏவுகலங்களுக்கான தளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது.

ஓய்வு பெற்று வருபவரிடம், "ஓய்வூதியம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். "என்ன கற்று வந்தீர்கள்?" என்று கேட்கத் தொடங்குவோமா?