உலாவிச் செயலாக்கப் பிரிப்பின் வரலாறு: பாதுகாப்பும் நினைவகமும்

முன்னுரை

இணைய உலாவியின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களுக்கிடையிலான போட்டியின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. உலாவியின் உள்ளமைப்பில் நேர்ந்த மாற்றமும் ஆராயத்தக்கதாகும். ஒரே செயலாக்கமாக இயங்கிய உலாவி பல செயலாக்கங்களாகப் பிரிந்த முறையினையும், அதன் பயன் எல்லார்க்கும் ஒரே காலத்தில், ஒரே அளவில் கிட்டாமையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

ஒற்றைச் செயலாக்கக் காலம்

1993இல் வெளிவந்த மொசைக் முதலான தொடக்கக்கால உலாவிகள் எழுத்தும் படமும் கொண்ட ஆவணங்களைக் காட்டுவதற்கென உருவாக்கப்பட்டன. 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் அறிமுகமானபின் வலைப்பக்கங்கள் நிரல்களின் தன்மையைப் பெறத் தொடங்கின. எனினும், திறந்திருக்கும் பக்கங்கள் அனைத்தும் ஒரே நினைவகப் பரப்பினைப் பகிர்ந்துகொண்டன. ஆதலால் ஒரு பக்கம் செயலிழந்தால் உலாவி முழுவதும் நின்றது. தீய நிரலொன்று உலாவியின் குறையைப் பயன்படுத்தி நுழைந்தால் பயனரின் கோப்புகள் வரை எட்ட இயன்றது. நிரல்களுக்குத் தனித்தனி நினைவக எல்லை வகுக்கும் முறையை யூனிக்ஸ் போன்ற இயங்குதளங்கள் 1970களிலேயே கையாண்டன. உலாவி அம்முறையை ஏற்கப் பல்லாண்டுகள் ஆயின.

பிரிப்பின் தொடக்கம்

2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் நிறுவனம் குரோம் உலாவியை வெளியிட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அத்திட்டத்தை வழிநடத்தியோருள் முதன்மையானவர். அதில் பக்கங்களை வரையும் பகுதி மைய உலாவியினின்றும் பிரிக்கப்பட்டு, கோப்புகளை நேரடியாகத் தொட இயலாதவாறு கட்டுப்படுத்தப்பட்டது. 2009 மார்ச்சில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 தாவல்களைத் தனிச் செயலாக்கங்களில் இயக்கியது. ஃபயர்பாக்ஸ் 2016 முதல் படிப்படியாக இவ்வழிக்கு மாறியது.

தளந்தோறும் தனி எல்லை

தொடக்கக்காலப் பிரிப்பில் வெவ்வேறு தளங்களின் பக்கங்கள் ஒரே செயலாக்கத்தில் அமைய இடமிருந்தது. 2018 சனவரியில் வெளியான ஸ்பெக்டர் குறைபாடு, ஒரே செயலாக்கத்துள் இருக்கும் பிற தளத்தின் தரவினையும் நுண்செயலியின் ஊகச் செயல்பாட்டின் வழியே ஊகித்தறிய இயலும் என்பதைப் புலப்படுத்தியது. அவ்வாண்டே கணினிகளுக்கான குரோம் 67, ஒவ்வொரு தளத்திற்கும் தனிச் செயலாக்கம் ஒதுக்கும் முறையைப் பரவலாக நடைமுறைப்படுத்தியது. 2021இல் ஃபயர்பாக்ஸும் இந்நிலையை எய்தியது.

நினைவகத்தின் விலை

கணினிகளில் இம்முறை 10 முதல் 13 விழுக்காடு வரை கூடுதல் நினைவகம் கோருவதாகக் கூகுள் தெரிவித்தது. 2019இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு இது விரிவாக்கப்பட்டபோது, கடவுச்சொல் இட்டு நுழையும் தளங்களுக்கு மட்டுமே, அதுவும் 2 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட நினைவகமுள்ள கருவிகளில் மட்டுமே வழங்கப்பட்டது. எனவே மலிவான கைப்பேசியை உடையவர் அந்நாளில் இக்காப்பின் புறத்தே நின்றனர்.

முடிவுரை

தமிழ்நாட்டில் இயங்கும் ஜோஹோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலா உலாவியும் குரோமியத்தையே அடித்தளமாகக் கொண்டது. ஆகவே நம் நாட்டு உலாவியிலும் செயலாக்கப் பிரிப்பின் அடிப்படை அமைப்பு அங்கிருந்தே பெறப்பட்டதாகும். மயிலம், திண்டிவனம் போன்ற ஊர்களில் குறைந்த நினைவகக் கைப்பேசி வழியே தேர்வுக் கட்டணமும் உதவித்தொகை விண்ணப்பமும் செலுத்தும் மாணவர்க்கு இது தொழில்நுட்பச் செய்தி மட்டுமன்று. பாதுகாப்பு என்பது நிரலின் இயல்பு மட்டுமன்றிக் கருவியின் விலையையும் சார்ந்தது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.